ட்ரிகர் ஆன பிறகும் விற்காத வெள்ளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிவதாபுரத்தில் 22 வருடமாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இன்றைய விலைக்கு ஆர்டர் பிடித்துவிட்டுப் பத்து நாள் கழித்து வெள்ளிக் கட்டி வாங்கப் போனால், அதற்குள் விலை ஏறியிருக்கும். எங்கள் கூலியே அதில் போய்விடும். அதற்குப் பாதுகாப்பாகத்தான் முன்பு ஒருமுறை எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில், பின்னால் வரும் மாதத்து வெள்ளியை இப்போதே விலை பேசி வைக்கும் சில்வர் மினி கான்ட்ராக்ட் ஒரு லாட் வாங்கினேன். 5 கிலோ கணக்கு. கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கினால் கையிலிருந்து 5 ரூபாய் போகும்.

வாங்கியது 90,000 ரூபாய்க்கு. விலை இறங்கினால் தானாக விற்று நஷ்டத்தை நிறுத்த ஸ்டாப் லாஸ் (எஸ்எல்) ஆர்டரும் போட்டோம். விலை 89,000-ஐத் தொட்டால் ஆர்டர் கிளம்பும், அது ட்ரிகர். 88,900-க்குக் கீழே விற்காது, அது லிமிட். "போட்டாச்சு மாமா, இனி நிம்மதியா இருங்க" என்றான் அக்கா மகன். அன்று இரவு 7 மணிக்கு, வெள்ளி விலையை ஆட்டிவைக்கும் அமெரிக்காவின் வேலைவாய்ப்புக் கணக்கு வந்தது. 89,100-ல் இருந்த விலை ஒரே தாவலில் 88,600. ட்ரிகர் ஆகி, என் ஆர்டர் சந்தைக்குள் போனது. ஆனால் 88,900-க்குக் கீழே விற்காதே என்று எழுதிக் கொடுத்தவன் நான்தானே? அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை. 10 மணிக்குப் போனைப் பார்த்தால் ஆர்டர் அப்படியே தொங்குகிறது, வெள்ளி 87,200. ஐயாயிரத்துச் சொச்சத்தில் முடிய வேண்டிய நஷ்டம் 14,000 ரூபாய் ஆகிவிட்டது. பட்டறையில் கொலுசைப் பற்ற வைத்து ஒட்டும் இரண்டு பேருக்கு ஒரு வாரக் கூலி அது.

சரி, லிமிட் இல்லாமல், ட்ரிகர் ஆனதும் கிடைக்கிற மார்க்கெட் விலைக்கே விற்கும் எஸ்எல்-எம் ஆர்டர் போட்டால்? தொங்காது, ஆனால் என்ன விலைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பல மாதம் தள்ளி முடியும், வாங்குவோர் குறைவான கான்ட்ராக்டில் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். இப்படிக் கண்டபடி விலை விழுந்ததால்தான் தேசியப் பங்குச் சந்தை 2021 செப்டம்பரில் ஆப்ஷன் என்ற வேறு வகைக் கான்ட்ராக்டுகளுக்கு அந்த ஆர்டரையே நிறுத்தியது.

இன்னொன்றையும் எங்கள் பகுதிப் பையன்கள் கவனிப்பதில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பு நம் நேரப்படி இரவு 11:30-க்கு வரும், குளிர்காலத்தில் 12:30-க்கு. நம் வெள்ளிச் சந்தை மூடுவது 11:30, குளிர்காலத்தில் 11:55. அதாவது அறிவிப்பு வரும்போது இங்கே கதவு சாத்தியிருக்கும். காலை 9 மணிக்குத் திறக்கும்போதே விலை எங்கோ இருக்கும். சாதாரணமாக முந்தைய நாள் போட்ட எஸ்எல் அந்த நாளோடு ரத்தாகியிருக்கும். திரும்பப் போட்டாலும் நாம் நினைத்த விலை தாண்டிப் போயிருக்கும்.

2020 ஏப்ரல் 20-ஐ மறக்க முடியுமா? ஊரடங்கால் எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடிவிட்டது. அன்று இரவு அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலருக்குப் போனது, அதாவது விற்பவரே பணம் கொடுக்க வேண்டிய நிலை. இங்கே வாங்கி வைத்திருந்தவர்களுக்கு மைனஸ் 2,884 ரூபாயில் கணக்கு முடித்தார்கள். எந்த ஸ்டாப் லாஸ் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்? சந்தையே பழுதாகி நின்றாலும் எஸ்எல் உதவாது: 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை காலை 11:40-க்கு நின்று மாலை 3:45-க்குத்தான் மீண்டும் ஓடியது.

அப்புறம், கையால் விற்று வெளியே வந்தவர்கள் பழைய எஸ்எல்-ஐ ரத்து செய்ய மறந்துவிடுகிறார்கள். விலை அங்கே வந்ததும் அது இல்லாத வெள்ளியை விற்றுவிடும். புது நஷ்டம் அங்கிருந்து தொடங்கும். அக்கா மகனுக்கே ஒரு முறை நடந்தது.

புரோக்கர் நிறுவனங்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ட்ரிகர் விலையை நிரப்பும் பெட்டிக்குக் கீழேயே "இந்த விலையில் விற்கும் என்று உறுதி இல்லை" என்று தமிழில் எழுதுங்கள். விதிமுறைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருப்பதை இங்கே யார் படிக்கிறார்கள்? தினமும் வெள்ளி விலை போடும் உங்கள் வணிகப் பக்கத்திலும் ஒரு நாள் இதை விளக்கமாக வெளியிட வேண்டுகிறேன். கொலுசுக்குப் பூ வைத்துக்கொண்டே போனில் வெள்ளி வாங்கும் பிள்ளைகள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.