சுறாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். துடுப்புப் பலகை (நின்றபடி துடுப்புப் போட்டுக் கடலில் போகும் பலகை) வாடகைக்கு விட்டுப் பழக்கும் எங்கள் கடைக்கு இரண்டு வாரங்களாக வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வருகின்றன: "கடலில் சுறா இருக்கிறதாமே, உண்மையா?" சிங்கப்பூரின் தென்தீவு ஒன்றின் பக்கத்தில் கறுப்பு முக்கோணம் ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு போகும் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். சிலர் முன்பதிவை ரத்து செய்துவிட்டார்கள். சிலர் வந்து கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சென்ற சனிக்கிழமை ஓர் அம்மா தம்முடைய பதின்மூன்று வயது மகளோடு வந்தார். பிள்ளை உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அம்மா என்னைத் தனியே அழைத்து, "தம்பி, மறைக்காமல் சொல்லுங்கள். இவளை இறக்கலாமா?" என்று கேட்டார். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். "ஒன்றும் ஆகாது அக்கா, பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு வீட்டுக்குப் போனபிறகு அது மனத்தை உறுத்தியது. பெற்ற தாய் கேட்ட நியாயமான கேள்விக்கு நான் சொன்னது வெறும் சமாதானம். பதிலை இப்போது முழுதாக எழுதுகிறேன்.

சிங்கப்பூர்க் கடலில் சுறா இருக்கிறது. எப்போதும் இருந்திருக்கிறது. தென்தீவுகளின் பவளப்பாறைகளை ஒட்டி, முதுகுத் துடுப்பின் நுனி மை தொட்டதுபோல் கறுத்த சுறா வகை ஒன்று வாழ்கிறது. நன்றாக வளர்ந்தாலும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். குட்டிகள் முழங்கால் அளவு நீருக்குக்கூட வரும். பாறை இடுக்குகளில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் மூங்கில் சுறாவும் உண்டு; அது நண்டு, இறால், சிறுமீன் தின்னும் சாதுவான உயிர். ஒன்பது ஆண்டுகளில் நான் தென்தீவுப் பக்கம் இரண்டுமுறை கருநுனிச் சுறாக்களைப் பார்த்திருக்கிறேன். என் பலகையின் நிழல் பட்டதும் இரண்டும் விலகி ஓடிவிட்டன. நாங்கள் வகுப்பு நடத்தும் கிழக்குக் கடற்கரையில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

காணொளியில் வருவது சுறாதானா என்றும் பலர் கேட்டார்கள். அத்தனை தொலைவிலிருந்து கைத்தொலைபேசியில் எடுத்ததை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கடலில் நீங்களே பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஓங்கில் (டால்பின்) மூச்சு விட மேலே வரும். அதனால் முதுகு வளைந்து எழும், துடுப்பு தெரியும், பிறகு உருண்டு உள்ளே போகும். சுறாவின் துடுப்பு எழாமல் தாழாமல் ஒரே மட்டத்தில் நகரும். சற்றுப் பின்னால் வாலின் நுனி இடமும் வலமுமாக ஆடுவதும் சிலசமயம் தெரியும். நம் கடலில் இளஞ்சிவப்பு ஓங்கில்கள் திரிகின்றன என்பதை மறந்துவிட வேண்டாம். அவற்றைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சரி, மனிதரைக் கடிக்கும் சுறா? உலகில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன. கடுமையான தாக்குதல்களில் பெரும்பாலும் அகப்படும் பெயர்கள் மூன்று: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. இவற்றுள் வெள்ளைச் சுறா குளிர்ந்த கடல்களை விரும்புவது. காளைச் சுறா அப்படியன்று. வெப்பக் கடலோரம், கலங்கிய நீர், ஆற்று முகத்துவாரம் ஆகியவைதான் அதன் இடம். நன்னீரிலும் நெடுந்தூரம் ஏறிப் போகும். நம் வட்டாரக் கடல் அதன் வாழ்விட எல்லைக்குள் வருகிறது. ஆகவே "ஆபத்தான சுறா இங்கே வரவே வராது" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். யாராவது போட்டுக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

உலகக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அனைத்துலகச் சுறாத் தாக்குதல் பதிவேடு ஒன்று பராமரிக்கப்படுகிறது. மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்களை அது தனியே எண்ணுகிறது. 2023இல் உலகம் முழுவதும் 69. 2024இல் 47, அதில் 28 அமெரிக்காவில், 9 ஆஸ்திரேலியாவில். இதோடு ஒப்பிட ஒரே ஓர் எண்: 2021இல் உலகில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3,00,000 பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இந்த எண்களைக் காட்டி உங்கள் வாயை அடைக்க நான் விரும்பவில்லை. கடலில் கால் நனைக்காதவர்களையும் சேர்த்து உலக மக்கள்தொகையால் வகுத்தால் எந்த ஆபத்தும் கடுகளவாகத்தான் தெரியும். நாம் கேட்க வேண்டியது, இந்த இடத்தில், இந்த மாதத்தில், இந்த நேரத்தில் நீரில் இருப்பவருக்கு என்ன ஆபத்து என்பதுதான். துடுப்புப் பலகையில் நிற்பவருக்குப் பலகையே ஓரளவு காப்பு. காலும் கையும் நீருக்கு மேலே இருக்கின்றன. அப்படியிருந்தும் 2023 டிசம்பரில் பஹாமாஸ் தீவில், கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், துடுப்புப் பலகையில் போன ஒரு பெண் சுறா கடித்து இறந்துபோனார். மணமாகிச் சில நாள்களே ஆகியிருந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் கடையைத் திறந்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரிது என்பது இல்லை என்று ஆகிவிடாது. நம் கடலில் அது மிக மிக அரிது என்பதே என் முடிவு; என் சொந்த மகனை இறக்குவதும் அதை நம்பித்தான்.

இப்போது எனக்கு உண்மையாகவே பயம் தருவதைச் சொல்கிறேன். இந்த இரண்டு வாரங்களில் சுறாவைப் பற்றிக் கேட்டவர்களில் ஒருவர்கூடக் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். கிழக்குக் கடற்கரையில் அந்தக் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோர மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் கரைக்குப் பக்கத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்து ஏமாந்துதான் புதியவர்கள் மேலும் மேலும் உள்ளே போகிறார்கள். அலைத்தடுப்புக் கற்களைத் தாண்டி நூறு, இருநூறு மீட்டர் போனதும் காற்று முதுகில் வந்து இறங்கும். நிற்கும் மனிதனின் உடம்பே பாய்மரமாகிவிடும். அன்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், நன்றாக நீந்தத் தெரிந்தவர், அப்படித்தான் போனார். திரும்ப முயன்றபோது தடுமாறி விழுந்தார். பலகையைக் காலோடு பிணைக்கும் கணுக்கால் வார் அவிழ்ந்துகொண்டது. பலகை காற்றோடு போய்விட்டது. காற்றில் போகும் வெற்றுப் பலகையை நீந்திப் பிடிக்க நல்ல நீச்சல்காரராலும் முடியாது. நங்கூரமிட்ட கப்பல்களின் பக்கம் அவர் இழுபட்டுக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு கயாக்கில் போய்ச் சேர 25 நிமிடம் ஆனது. உயிர்காப்பு அங்கி போட்டிருந்ததால் பிழைத்தார்.

கரைக்கு வந்ததும் அந்த வாரை எடுத்துப் பார்த்தேன். வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் மணலும் நூல்பிசிறும் அடைந்து, ஒட்டுவதற்கு இடமே இல்லை. விரலால் இழுத்தால் சத்தமில்லாமல் பிரிந்து வந்தது. நல்ல வெல்க்ரோ பிரியும்போது சரக்கென்று கேட்கும். அதை வாடகைக்குக் கொடுத்தது நாங்கள். தவறு முழுக்க எங்களுடையது. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம். அந்த வாரை இன்றும் கடையில், பணம் வாங்கும் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதல்நாள் அதைக் கையில் கொடுத்துவிடுவேன்.

நீங்கள் கரையில் நின்றபடியே கடலைக் கொஞ்சம் படிக்கலாம். நங்கூரமிட்ட கப்பல்களைப் பாருங்கள். ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் கப்பல் பெரும்பாலும் நீரோட்டம் வரும் திசைக்கு மூக்கைக் காட்டி நிற்கும். எல்லாக் கப்பல்களும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் ஓட்டம் இருக்கிறது. ஆளுக்கொரு திசையில் நின்றால் நீர் திரும்பும் நேரம். முதலில் ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போட்டுப் போங்கள், களைத்தபின் ஓட்டமே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். மரக்கிளைகள் கடல் பக்கமாகச் சாய்ந்து ஆடினால், அலை இல்லாவிட்டாலும் அலைத்தடுப்பைத் தாண்ட வேண்டாம். அந்த நாள்களில் நாங்களும் தாண்ட விடுவதில்லை.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொன்று. சுமத்ரா பக்கத்திலிருந்து விடியலுக்கு முன்போ காலையிலோ வரும் சூறைக்காற்று. மேற்கே கரிய மேகம் ஒரு சுவர்போல் எழும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆண்டில் பாதி நாளுக்குச் சற்றுக் குறைவாக இங்கே இடி இடிக்கிறது. திறந்த கடலில் பலகைமேல் நிற்பவர்தான் சுற்று வட்டாரத்திலேயே உயரமான பொருள். ஓர் இடிச் சத்தம் கேட்டால் எல்லோரையும் கரைக்கு அழைப்போம். கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் ஆகும்வரை யாரையும் இறக்க மாட்டோம். அரைமணி நேரம் வீணாகிறதே என்று கோபித்துக்கொள்ளும் அண்ணன்மார்கள் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

சொறிமீன்களில் (ஜெல்லிமீன்) பெட்டிச் சொறி என்ற வகை நம் கடலிலும் காணப்பட்டிருக்கிறது. அதற்காகத்தான் முழுக்கை மேலாடை போடச் சொல்கிறோம். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், குழாய்த்தண்ணீரை ஊற்றாதீர்கள். கடையில் வினிகர் வைத்திருக்கிறோம். குறைந்தது அரை நிமிடம் அதை ஊற்ற வேண்டும். மூச்சுத் திணறினாலோ வலி பரவினாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

இரவு உலா ஏன் நிறுத்தப்பட்டது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கும் சுறா காரணமில்லை. இங்கே பள்ளி செல்லும் எந்தப் பிள்ளையும் அறிந்த கதை: கூர்மூக்கு தோடாக் மீன்கள் கடலிலிருந்து பாய்ந்து கரையில் நின்றவர்களைக் குத்திக் கொன்றதும், ஒரு சிறுவன் வாழைத்தண்டுகளை வேலியாக நடச் சொன்னதும், பிறகு அரசன் ஆணையால் கொல்லப்பட்ட அவன் இரத்தம் வழிந்து மலை சிவந்து புக்கிட் மேரா ஆனதும். கதைக்குள் ஒரு மெய் இருக்கிறது. ஊசிபோல் நீண்ட அலகுள்ள மீன்கள் இருட்டில் வெளிச்சத்தைக் கண்டால் உண்மையிலேயே நீரிலிருந்து துள்ளிப் பாயும். பிற நாடுகளில் மீனவர்கள் அதனால் படுகாயம் அடைந்திருக்கிறார்கள். பலகைக்கு அடியில் விளக்கு கட்டிக்கொண்டு போவது பார்க்க அழகுதான். எனக்கும் வருத்தம்தான். ஆனால் முகத்துக்கு நேரே வரும் ஆபத்தை நானே விளக்கு வைத்து அழைக்க மாட்டேன்.

விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் போகிறவர்களுக்கு வேறு பேச்சு. காற்றடைக்கும் பலகையைப் பெட்டியில் மடித்துக்கொண்டு போகும் உங்களில் பலர் அங்கும் இறங்குகிறீர்கள். அது வெள்ளைச் சுறாவின் கடல். 2023 பிப்ரவரியில் பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலேயே ஒரு பதினாறு வயதுப் பெண் சுறா தாக்கி இறந்தாள். அங்கே ஷார்க்ஸ்மார்ட் என்ற அரசாங்கத் தளத்தில் சுறா எங்கே தென்பட்டது என்ற செய்தி அன்றாடம் வரும், இறங்குமுன் பாருங்கள். விடியலிலும் அந்தியிலும் வேண்டாம். மழைக்குப்பின் ஆற்று முகத்துவாரம் வேண்டாம். பறவைகள் கூட்டமாக நீரில் விழுந்து மீன் பிடிக்கும் இடம், தூண்டில் போடுபவர்கள் இரை கொட்டும் இடம், திமிங்கிலம் செத்து மிதக்கும் இடம், இவற்றிலிருந்து தள்ளியே இருங்கள். தனியே போகாதீர்கள். சுறாவைக் கண்டால் உடனே மண்டியிட்டு உட்காருங்கள். விழாமல் இருப்பதுதான் முதல் காரியம். கைகால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, அதன்மேல் கண்வைத்தபடி, நீரை அடிக்காமல் சீராகத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வாருங்கள். யாருக்காவது கடி பட்டால் இரத்தத்தை நிறுத்துவதே உயிரைக் காக்கும். காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கையிலோ காலிலோ இரத்தம் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே இறுகக் கட்டுங்கள். கணுக்கால் வாரே அதற்கும் உதவும்.

எங்கள் வீட்டில் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அம்மா தேக்காச் சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்தார். தாய்க்குப் பால் ஊறும் என்று மூன்று வேளையும் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் செய்திருப்பீர்கள். மனிதரால் சாகும் சுறாக்கள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் என்று படித்தபிறகு எனக்கு அந்த மீனைப் பார்க்கும் கண் கொஞ்சம் மாறிவிட்டது. இதை யாருக்கும் அறிவுரையாகச் சொல்லவில்லை. மனத்தில் இருந்ததால் எழுதினேன்.

சுறா பயத்தால் முன்பதிவை ரத்து செய்தவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தரப்படும். காரணம் கேட்க மாட்டோம். வகுப்புக்கு வர விரும்பி இன்னும் தயங்குகிறவர்கள் ஒருநாள் காலை சும்மா வாருங்கள், கட்டணம் இல்லை. இடுப்பளவு நீரில், அலைத்தடுப்புக்கு உள்ளேயே, நானே கூட நின்று பழக்குகிறேன். அந்த அம்மாவுக்கும் இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு மகளோடு வருகிறார். இந்தமுறை தாமும் ஏறப் போகிறாராம்.

வரும்போது ஒரு வேண்டுகோள். பலகையை வாங்கியதும் கணுக்கால் வாரை நீங்களே ஒருமுறை ஒட்டி இழுத்துப் பாருங்கள். சரக்கென்ற சத்தம் கேட்காவிட்டால் எங்கள் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள், வேறு தருவார்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பயிற்றுநர்களும்
கிழக்குக் கடற்கரை, சிங்கப்பூர்