மைக்குகளுக்கு முன் நிற்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பாலக்காட்டில் நீங்கள் சிறப்பு அரசு வழக்குரைஞராகப் பொறுப்பேற்ற செய்தியைக் கொழிஞ்சாம்பாறை கடைத்தெருவில் கேட்டு மகிழ்ந்தேன். வாழ்த்தை நேரில் சொல்கிறேன். இக்கடிதம், நீதிமன்றப் படியிறங்கியதும் உங்களைச் சூழ்ந்துகொள்ளும் மைக்குகளைப் பற்றியது.

"குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று வாசலில் நின்று சொல்வது எளிது. ஆனால், போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நீதிபதி முன் வைக்க முடியாததை ஊர் முன் வைப்பது என்ன நியாயம்? இங்கே ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, இல்லை, நீதிபதி டிவி பார்த்துத் தீர்ப்பு எழுதமாட்டார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சாட்சி பார்ப்பாரே, தம்பி. கோவிந்தாபுரத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர், இரவு மலையாளச் சேனலிலும் காலையில் நாளிதழின் கோவைப் பதிப்பிலும் பார்த்த முகத்தையே பிறகு, சந்தேக நபரைப் பலரோடு நிறுத்திக் காட்டும் அடையாள அணிவகுப்பில் சுட்டிக்காட்டினால், அவர் கண்டது சம்பவ இடத்திலா செய்தியிலா என்ற ஒரே குறுக்குக் கேள்வியில் உங்கள் வழக்கு ஆட்டங்கண்டுவிடும்.

மும்பைத் தாக்குதல் வழக்கை அரசுத் தரப்பில் நடத்திய உஜ்வல் நிகம், அதில் உயிருடன் பிடிபட்ட கசாப் சிறையில் பிரியாணி கேட்டதாகப் பரவிய செய்தி தாமே புனைந்தது என்றும், அவன்மீது எழுந்த அனுதாப அலையைத் தடுக்கவே அப்படிச் சொன்னதாகவும் 2015-இல் வெளிப்படையாகக் கூறினார். அந்த வழக்கில் வலுவான சாட்சியங்கள் இருந்தன. அந்தப் பிரியாணிக்குத் தேவையே இருக்கவில்லை. அரசின் பெயரால் பேசுகிறவர் ஒன்றைப் புனைந்தார் என்று தெரிந்த பிறகு, அவர் சொன்ன மற்றவற்றை மக்கள் எப்படி நம்புவார்கள் என்பதுதான் என் கவலை.

தாம் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகைக் கருத்துகளைத் தூண்டிவிட்டோ, படத்தை வெளியிடச் செய்தோ ஒரு வழக்கறிஞர் விளம்பரம் தேடக்கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர், நிரபராதி தண்டிக்கப்படாதபடி வழக்கை நடத்த வேண்டும் என்ற விதி 16 உங்களுக்கென்றே எழுதப்பட்டது.

நிருபர்களைக் கண்டதும் விலகிப் போகச் சொல்லவில்லை. நீங்கள் பேசாவிட்டால் வதந்தி பேசும். எந்தப் பிரிவுகளில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, திறந்த நீதிமன்றத்தில் என்ன வாதிடப்பட்டது, அடுத்த வாய்தா எப்போது என்பவற்றை எல்லா நிருபர்களுக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள். நெருங்கிய ஒருவருக்கு மட்டும் ஆவணத்தை நழுவவிடாதீர்கள். பாலியல் குற்ற வழக்கென்றால், பாதிக்கப்பட்டவரின் பெயரை மறைத்துவிட்டுத் தெருவையும் பள்ளியையும் சொல்வதும் அடையாளம் காட்டுவதுதான். நம் சிற்றூர்களில் அந்த இரண்டே போதும்.

இன்னொன்று. உங்கள் நீதிமன்றத்தில் ஆங்கிலமும் மலையாளமும்தான் நடக்கும். தமிழ் மட்டுமே தெரிந்த குடும்பங்கள் பின்வரிசையில் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்துவிட்டு, அன்று நடந்ததை இரவுச் செய்தியில் தெரிந்துகொள்கிறார்கள். மைக்கிடம் போவதற்கு முன், அவர்களிடம் ஐந்து நிமிடம் தமிழில் பேசிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சீனியர்