கல்கூர்லியிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம்தான். இங்கே குளிர் விட்டுவிட்டது, ஈத்தொல்லை ஆரம்பித்துவிட்டது. அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்க.

போன வாரம் போனில் கேட்டீர்களே, "ஷீபாவும் அந்த மாநிலத்திலதானே நர்ஸ் வேலை பார்க்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்துட்டு வந்தா என்ன?" என்று. ஷீபாவின் அம்மா என்பதால் சித்திக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்க.

நான் இருக்கும் கல்கூர்லியும் அவள் இருக்கும் புரூமும் மேற்கு ஆஸ்திரேலியாதான். ஆனால் இந்த ஒரு மாநிலத்துக்குள் நம்ம தமிழ்நாட்டைப் பத்தொன்பது தடவை வைக்கலாம். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் 1,400 கி.மீ. சொச்சம், நம்ம ஊர்ப் பக்கம் கருங்கலிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரம். விமானம் நேராகப் பறந்தால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அப்படி ஒரு விமானம்தான் இல்லை. எதுவானாலும் மாநிலத் தலைநகர் பெர்த் வழியாகத்தான். வடக்கே போக வேண்டியவன் முதலில் மேற்கே ஒரு மணி நேரம் பறந்து பெர்த்தில் இறங்க வேண்டும். அப்புறம் அங்கிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம். ஆகக்கூடி 2,200 கி.மீ.

பறப்பது மூன்றரை மணி நேரம்தானே என்று சித்தி கேட்கலாம். பெர்த்தில் காத்துக் கிடப்பதை என்ன செய்ய? அங்கே டெர்மினல்கள் ஓடுபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கின்றன. ஒரு கம்பெனி விமானத்தில் வந்து இன்னொரு கம்பெனி விமானத்தைப் பிடிக்கிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். டிக்கெட்டும் லேசில்லை. சில சீசனில் புரூமைவிட பாலிக்குப் போவது மலிவு. பாலி வெளிநாடு, தூரமும் கூடுதல்!

காரில் போகலாமே என்பார் அப்பா. 2,000 கி.மீ.க்கு மேல். நம்ம ஊரில் மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனால் குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று வழிநெடுகக் கடையும் வீடும்தான். எந்த ஊர் எங்கே முடிகிறதென்றே தெரியாது. இங்கே வழியில் வரும் போர்ட் ஹெட்லண்ட் என்ற ஊரிலிருந்து புரூம் வரை 600 கி.மீ., நடுவே பெட்ரோல் போட்டு ஏதாவது சாப்பிட ஒன்றிரண்டு இடம், அவ்வளவுதான். பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும், மாடு ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும். விவரம் தெரிந்தவர்கள் ராத்திரி வண்டி எடுக்க மாட்டார்கள்.

புரூம் ஏர்போர்ட் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஷீபாவிடம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே "அண்ணா, நில்லு, பிளேன் போகட்டும்" என்பாள். எங்கே போகிறது என்று கேட்டால், வேறெங்கே, பெர்த்துக்குத்தான்.

அதனால் கிறிஸ்துமஸுக்கு இருவரும் பெர்த்திலேயே சந்திப்பதாகப் பேசியிருக்கிறோம். எனக்கு ரயில் இருக்கிறது, ஏழு மணி நேரம் போல ஆகும். அவள் விமானத்தில் வர வேண்டும். அவளுக்குத்தான் தூரம் என்பதால் டிக்கெட் காசில் பாதி நான் தருகிறேன். இதைச் சித்தியிடம் வாசிக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு அண்ணன் மகன் பெர்த்துக்கு வருகிறான் என்றீர்களே, அவனிடம் முந்திரிக்கொத்து கொடுத்துவிடுங்க. சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று ஏர்போர்ட் கார்டில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்க. மார்த்தாண்டம் தேன் மட்டும் வேண்டாம், பிடுங்கிக்கொள்வார்கள்.

உங்கள் மகன்,
ஜெபின்