அம்மாவின் நோட்டு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழை விட்டுவிட்டது, கடலை பறிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

போன வாரம் போனில், "இந்த வயசுல எதுக்குப்பா உங்களுக்கு நோட்டும் பரீட்சையும், பேசாம மஸ்கட்டுக்கு வந்து எங்களோட இருங்க" என்றாய். நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ பாசத்தில்தான் சொன்னாய் என்று தெரியும். ஆனால் மலையாளம் எழுதப் படிக்கக் கற்கும் இந்தப் படிப்பை நான் எவ்வளவு பெரிதாக நினைக்கிறேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. போனில் சொன்னால் பாதியில் குரல் கம்மிவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1957. மொழிவாரி மாநிலம் பிரித்து மறு வருஷம். பாலக்காட்டுப் பக்கம் அது வரைக்கும் மதராஸ் மாநிலம், நம்ம சித்தூர்ப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். எல்லாம் சேர்ந்து கேரளம் ஆனது. நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம், வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். அப்புறம் மாடு மேய்க்கப் போனேன், அதற்கப்புறம் லாரியில் கிளீனர், டிரைவர்.

இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன் கண்ணு. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றினால் திருச்சூர், ஆலுவா, கோட்டயம் என்று இறக்கிக்கொண்டே போவேன். மலையாளம் தண்ணீர் மாதிரி பேசுவேன். ஆனால் ஒரு பலகையையும் படித்ததில்லை. இந்தப் பள்ளிவாசல் வந்தால் இடது, அந்தப் பாலம் தாண்டினால் மார்க்கெட் என்று எல்லாம் கண்ணில்தான் வைத்திருந்தேன். ஊரில் பஸ் ஏறினால் நிறத்தைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பேன். "கண்ணாடி எடுத்து வரல, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று எத்தனை தடவை பொய் சொல்லியிருக்கிறேன்! கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கும்.

1990இல் சாட்சரதா என்கிற எழுத்தறிவு இயக்கத்துப் பிள்ளைகள் வீடு வீடாக வந்தார்கள். உனக்கு அப்போது ஐந்து வயது, நினைவிருக்குமோ என்னவோ. எர்ணாகுளம் மாவட்டத்தில் எல்லோரும் எழுதப் படிக்கக் கற்றுவிட்டார்கள் என்று அந்த வருஷம் பிப்ரவரியில் அறிவித்திருந்தார்கள். அதே வேலையை மாநிலம் முழுக்க எடுத்துச் செய்தார்கள். நம் திண்ணையில் சாயங்காலம் விளக்கு வைத்துப் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். உன் அம்மாவுக்குத் தமிழும் எழுதத் தெரியாது, ஆகவே அவள் முதல் ஆளாக உட்கார்ந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், போதும்" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறு வருஷம் ஏப்ரல் 18ஆம் தேதி கோழிக்கோட்டு மானாஞ்சிறை மைதானத்தில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று சேலக்கோடன் ஆயிஷா அறிவித்தார். அவரும் அந்த இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்தான். நம் வீட்டில் அன்றைக்கு உன் அம்மா பாயசம் வைத்தாள்.

அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் அவள்தான் எனக்குக் கண். ரேஷன் கார்டு, நில வரி ரசீது, பஞ்சாயத்து நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவள் கையில்தான் போகும். விரலை வைத்து மெதுவாகப் படித்து, எனக்குத் தமிழில் சொல்வாள். 2023இல் பெண்கள் சுயஉதவி இயக்கமான குடும்பசிரீக்காரர்கள் 'திரிகே ஸ்கூளில்' (மறுபடியும் பள்ளியில்) என்று நடத்தினார்களே, விடுமுறை நாளில் அயல்கூட்டம் என்கிற அக்கம்பக்கக் குழுப் பெண்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்தது, அதற்கும் போனாள். சோற்று டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த முகம் எனக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. அடுத்த வருஷமே போய்விட்டாள்.

அவள் போனபின் வந்த காகிதங்களை டிவி மேசைக்குக் கீழே போட்டு வைத்தேன். உனக்கு நான் சொல்லாத ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. குழாய்த் தண்ணீர் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு நோட்டீஸ் வந்து அதில் கிடந்திருக்கிறது. கடைசித் தேதி முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துச் சொன்னான். தண்ணீர் போனது கூடப் பெரிதில்லை. எனக்கு எழுதிய காகிதம் என் வீட்டிலேயே இரண்டு மாதம் ஊமையாகக் கிடந்தது, அதுதான் தாங்கவில்லை. மறுநாள் காலையில் தொடர்கல்வி மையத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

இப்போது வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பதினான்கு பேர் இருக்கிறோம், என்னோடு சேர்த்து ஆண்கள் மூன்று பேர். ஒருவர் பனை ஏறி ஓய்ந்தவர், கை நடுக்கம் உண்டு, ஆனால் எழுத்து எழுதும்போது மட்டும் நடுக்கம் நிற்கிறது. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் நிறைய. சொல்லிக்கொடுக்கும் பிரேரக் உன்னைவிடச் சின்னப் பெண். நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் நாள் "ஐயா, டீச்சர்னு சொல்லாதீங்க" என்று கூச்சப்பட்டது. எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் டீச்சர்தானே.

மலையாள எழுத்து எனக்குக் கஷ்டமும் கொடுத்தது, சந்தோஷமும் கொடுத்தது. நமக்குக் 'க' ஒன்றுதான், எங்கே எப்படிச் சொல்வது என்று வாய்க்குத் தெரியும். அங்கே நான்கு. இதே போல ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் நான்கு நான்கு. ஒரு மாதம் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் நாம் ந, ன என்று இரண்டு வைத்திருக்கிறோம் இல்லையா, அவர்கள் இரண்டுக்கும் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். அப்புறம், நாம் புள்ளி வைக்கிற ன், ர், ல், ள், ண் எல்லாவற்றுக்கும் புள்ளி இல்லாமல் தனி வடிவம் உண்டு, சில்லு என்று சொல்கிறார்கள். ண, வ இரண்டும் நம் எழுத்தின் சாயலிலேயே இருக்கும். ழகரம் நமக்கு மாதிரியே அவர்களுக்கும் உண்டு, அதைப் படித்த அன்று சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

எழுத்து பிடிபட்ட பிறகு ஒரு நாள் சித்தூர் போகப் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் வந்து நின்றது. நெற்றியில் இருந்ததை எழுத்துக் கூட்டினேன். பாலக்காடு. அடுத்த பஸ், வேலந்தாவளம். அதற்கடுத்தது சித்தூர். ஏற வேண்டிய பஸ் வந்தும் ஏறவில்லை அம்மிணி. இன்னும் நான்கு பஸ் வரட்டும் என்று நின்று படித்துவிட்டுத்தான் போனேன்.

இப்போது ஏழாம் தரம் துல்யதா, அதாவது ஏழாம் வகுப்புக்குச் சமமான பரீட்சைக்குப் படிக்கிறேன். அது பாஸானால் பத்தாம் தரத்துக்குச் சேரலாம். அறுபத்தெட்டு வயது என்று நீ சொல்கிறாய். ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டில் கார்த்தியாயினி அம்மா 2018இல் அட்சரலட்சம் என்கிற எழுத்தறிவுப் பரீட்சை எழுதும்போது அவருக்கு 96 வயது. நூற்றுக்கு 98 மார்க். கொல்லத்துப் பாகீரதி அம்மா நான்காம் தரம் எழுதியது 105 வயதில். டீச்சர் இவர்கள் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறது. நான் உட்காரும் இடத்திலிருந்து நேராகத் தெரியும்.

போன் விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் டிஜி கேரளம் திட்டத்துப் பிள்ளைகள் வந்து வீடியோ கால் போடவும், பணம் அனுப்பவும், ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்றும் கற்றுக்கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று மாநிலம் முழுவதும் டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று அறிவித்தபோது, அந்தக் கணக்கில் உன் அப்பாவும் ஒருவன். ஆனால் கரண்டு பில் கட்ட நான் தடுமாறினால் நீ, "விடுங்கப்பா, நான் இங்கிருந்தே கட்டிடறேன்" என்கிறாய். இனி அப்படிச் சொல்லாதே கண்ணு. நான் தப்பாக அழுத்தினால் இன்னொரு தடவை சொல்லிக்கொடு. நீ சின்ன வயதில் சைக்கிள் பழகும்போது ஏழு தடவை விழுந்தாய், நான் ஒரு தடவையும் சைக்கிளைப் பிடுங்கவில்லை.

மஸ்கட்டுக்கு வருகிறேன். பேத்தியைப் பார்க்க எனக்கும் ஆசை இல்லையா? பரீட்சை முடிந்ததும் இரண்டு மாதம் வந்து இருக்கிறேன். நிரந்தரமாக வரச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வகுப்புக்கு நான் இங்கே இருக்க வேண்டும்.

அம்மா காரியம் முடிந்து நீ கிளம்பும்போது, அவளுடைய பச்சை அட்டை நோட்டை ஞாபகத்துக்கு என்று எடுத்துப் போனாயே, 1990இல் திண்ணையில் எழுதிப் பழகியது. கடைசிப் பக்கங்களில் அவளாகவே என்னவோ எழுதி வைத்திருந்தாள். என்னவென்று கேட்டபோதெல்லாம், "நீங்களே படிச்சுக்கோங்க" என்று சிரிப்பாள். லீவுக்கு வரும்போது மறக்காமல் அதை எடுத்து வா. நீ படித்துச் சொல்ல வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்பவும் வேண்டாம். நோட்டாகவே வேண்டும்.

அன்புடன்,
அப்பா