நடுவிலிருந்து வெட்டிய கால்வாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரி கால்வாயையும் அதைக் கொண்டுவந்த நியூயார்க் மாநில ஆளுநர் டெவிட் கிளின்டனையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்டுகளும் அளவுகளும் சரியாகவே இருந்தன. ஆனால் கிளின்டனைக் ‘கால்வாயைக் கனவு கண்டு வடிவமைத்த பொறியாளர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கண்ட கனவும் அல்ல, அவர் போட்ட வடிவமும் அல்ல. (பில் கிளின்டனுக்கு உறவா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. நியூயார்க்கின் முதல் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன்தான் இவருடைய சித்தப்பா.)

ஈரி ஏரிக்கும் ஹட்சன் ஆற்றுக்கும் இடையே வாய்க்கால் வெட்டலாம் என்று விரிவாக எழுதியவர் ஜெஸ்ஸி ஹாலி என்ற மாவு வியாபாரி. சரக்கு அனுப்பும் செலவிலேயே நொடித்துப்போய், கடனாளிகள் சிறையில் இருந்தபடி 1807, 1808 ஆண்டுகளில் ‘ஹெர்குலிஸ்’ என்ற புனைபெயரில் 14 கட்டுரைகள் எழுதினார். 1810இல் மாநிலம் அமைத்த ஆய்வுக் குழுவில்தான் கிளின்டன் உள்ளே வருகிறார். அந்தக் குழுவின் தலைவர் கவர்னர் மாரிஸ். பெயர்தான் கவர்னர், ஆளுநராக இருந்ததில்லை. ஏரியிலிருந்து மைலுக்கு 6 அங்குல வாட்டம் கொடுத்துத் தண்ணீரைத் தானே ஓடவிடலாம் என்பது அவர் யோசனை. அந்த வாட்டம் கெடாமல் இருக்க, குறுக்கே வரும் பள்ளத்தாக்குகளை மலை மாதிரி கரை எழுப்பித் தாண்ட வேண்டும். நல்லவேளையாக அதைக் கைவிட்டார்கள். அளந்து வெட்டியவர்கள் பெஞ்சமின் ரைட்டும் ஜேம்ஸ் கெடஸும். இருவரும் சட்டம் அறிந்தவர்கள், நில அளவை தெரிந்தவர்கள். கால்வாய் வேலையை வேலை செய்துதான் கற்றார்கள்.

அப்படியானால் கிளின்டன் செய்தது என்ன? பணத்துக்கு வழி செய்தார். பாதியில் யாரும் நிறுத்த முடியாதபடி வேலையை முடிச்சுப் போட்டார்.

1812இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் மாடிசனிடம் 128க்கு 89 என்று தோற்றவர் அவர். 1815இல் நியூயார்க் நகர மேயர் பதவியும் போயிற்று. கையில் எந்த அதிகாரமும் இல்லாத அந்த நேரத்தில் கால்வாய்க்காக ஒரு விண்ணப்பம் எழுதினார். எத்தனை அடி, எத்தனை டாலர், எவ்வளவு சுங்கம் வரும் என்று கணக்கோடு எழுதிய அந்தத் தாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கூட்டரசின் பணம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையை, 1817 மார்ச் 3 அன்று, பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாள், மாடிசன் தம் மறுப்பாணையால் முடித்துவைத்தார். மாநிலம் தன் காலில் நிற்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 15இல் நிறைவேறிய சட்டத்தைப் பாருங்கள். கால்வாய்க்கென்று தனி நிதி. மேற்குப் பகுதியில் காய்ச்சும் உப்புக்குப் புஷலுக்கு (மரக்கால் போல ஒரு முகத்தல் அளவை) பன்னிரண்டரை சென்ட் தீர்வை, நியூயார்க் துறைமுக ஏலச் சரக்கின் வரியில் ஒரு பங்கு, ஹட்சனில் நூறு மைலுக்கு மேல் நீராவிப் படகில் போகிறவருக்குத் தலைக்கு ஒரு டாலர். கால்வாயின் இருபுறமும் 25 மைலுக்குள் நிலவரி என்றும் எழுதினார்கள், அது வசூலிக்கப்படவேயில்லை. இவ்வளவும் வட்டி கட்டத்தான். அசலுக்குக் கடன் பத்திரம். தொடக்கத்தில் அவற்றைப் பெருமளவில் வாங்கியது நியூயார்க் சேமிப்பு வங்கி. அதாவது தையற்காரர், வேலைக்காரப் பெண்கள் போன்றவர்களின் சிறுவாட்டுப் பணம். வட்டிக்கு இன்ன வரி என்று சட்டத்திலேயே கட்டிவைத்ததால்தான் அந்தப் பணம் துணிந்து வந்தது.

அடுத்தது, எங்கே முதல் மண்வெட்டி போடுவது. 1817 ஜூலை 4 அன்று நடுவில் இருக்கும் ரோம் என்ற ஊரில் தொடங்கினார்கள். கிழக்கே மோஹாக் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து லாக் கட்ட வேண்டும் (இரண்டு கதவுகளுக்கு நடுவே தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைத் தூக்கும் தொட்டிதான் லாக்). மேற்கே லாக்போர்ட்டில் பாறை. நடுவிலோ நெடுந்தூரம் சமதளம், மண்வேலை. 1819 அக்டோபரிலேயே ரோமுக்கும் யூட்டிகாவுக்கும் இடையே படகு ஓடிற்று. ஓடும் படகைக் காட்டியபின் ‘போதும்’ என்று எந்தக் கட்சி சொல்லும்? நடுத்துண்டு மட்டும் எதற்கும் உதவாது, இருபுறமும் நீட்டித்தான் ஆக வேண்டும். வேலையையும் சின்னச் சின்னத் துண்டுகளாக உள்ளூர் விவசாயிகளுக்கே ஒப்பந்தம் விட்டார்கள். வாக்குச்சீட்டும் அவர்கள் கையில்தான் இருந்தது.

கட்டுரையில் ‘நவீன இயந்திரங்கள்’ என்று ஒரு வரியில் கடந்துவிட்ட இடம் எனக்குக் குறையாகப் பட்டது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கும் பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். 16 அடி விட்டமுள்ள இரண்டு சக்கரம், இடையே 30 அடி நீளம், 20 அங்குல கனத்தில் அச்சு. அச்சின் நடுவில் 14 அடி சக்கரம் ஒன்று, அச்சோடு சேர்த்து இறுக்கியது. ஓரச் சக்கரங்களை நகராமல் கட்டிவிட்டு, அச்சிலிருந்து கட்டைக்குச் சங்கிலி போட்டு, நடுச்சக்கரத்தில் சுற்றிய வடத்தை மாடோ குதிரையோ இழுத்தால், அச்சு சுழன்று கட்டை வேரோடு வந்துவிடும். ஏழு ஆள், ஒரு ஜோடி விலங்கு. நாளுக்கு முப்பது நாற்பது கட்டை.

லாக் சுவர்களுக்குச் சாதாரணச் சுண்ணாம்புக் காரை ஆகாது; தண்ணீருக்குள் இறுகாமல் கரைந்து போகும். கான்வஸ் ஒயிட் என்ற இளைஞர் இங்கிலாந்துக் கால்வாய்களை நடந்தே பார்த்துவிட்டு வந்திருந்தார். மாடிசன் மாவட்டத்தில் கிடைத்த ஒரு சுண்ணாம்புக்கல்லைச் சுட்டபோது அது தண்ணீரில் நீறவில்லை. பயனற்றது என்று ஒதுக்காமல், பொடியாக இடித்து, மணல் கலந்து, உருண்டை பிடித்து ஒரு வாளித் தண்ணீரில் இரவெல்லாம் போட்டுவைத்தார்கள். காலையில் தரையில் உருட்டிவிடும் அளவுக்கு இறுகியிருந்தது. இறக்குமதி சிமென்ட் தேவைப்படாமல் போனது அதனால்தான்.

கெட்டவையும் உண்டு. 1819 கோடையில் மான்டசூமா சதுப்பில் ஆயிரம் பேர் அளவில் காய்ச்சலில் விழுந்தார்கள். நிலம் உறையும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மேல்மட்டத்தில் 40 அடி, அடியில் 28 அடி, ஆழம் வெறும் 4 அடி என்று சிக்கனமாக வெட்டியதால், 363 மைலும் முடிந்து பத்தே ஆண்டில் அகலப்படுத்தும் வேலை தொடங்கிற்று. வழிநெடுக அந்த நிலம் ஓனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா என்ற பூர்வகுடி மக்களுடையதாக இருந்தது. அவர்கள் அழிந்துபோவார்கள் என்று 1811இலேயே பேசியவர் கிளின்டன். உங்கள் கட்டுரை இதைத் தொடவே இல்லை.

கணக்கில் கெட்டிக்காரர், மனிதர்களிடம் அல்ல. கர்வி என்று பெயர். 1802இல் ஒருவரோடு துப்பாக்கிச் சண்டையில் ஐந்து சுற்று சுட்டவர். 1824 ஏப்ரலில், சட்டமன்றம் கலையும் நாளில், அவருடைய அரசியல் எதிரி மார்ட்டின் வான் பியூரனின் ஆட்கள் சம்பளம் கூட இல்லாத கால்வாய் ஆணையர் பதவியிலிருந்து அவரைத் தூக்கினார்கள். அவர் 1822 ஆளுநர் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கியிருந்தவர். சும்மா விட்டிருந்தால் அப்படியே இருந்திருப்பார். ஊர் கொதித்தது. நவம்பரில் மறுபடி ஆளுநர். 1825 அக்டோபர் 26இல் பஃபலோவிலிருந்து படகேறி, நவம்பர் 4இல் ஏரித் தண்ணீரை அட்லாண்டிக்கில் ஊற்றியவர் அவரே.

கட்டுரையின் கடைசி வரியில் ‘செல்வந்தராக மறைந்தார்’ என்று இருக்கிறது, திருத்திவிடுங்கள். 1828 பிப்ரவரி 11இல் பதவியிலிருந்தபோதே ஆல்பனியில் இறந்தார். குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். வேறொருவர் குடும்பக் கல்லறையில் இரவல் இடத்தில் வைத்த உடல், 1844இல்தான் புரூக்ளினின் கிரீன்வுட் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்