அன்று நான் மகளாக மட்டும் இருந்தேன்

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும், டாக்டருக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும்,

யார் பெயரும் போடாமல் எழுதுகிறேன். "அந்த ரூம்ல பேசினது அந்த ரூமோட போகட்டும், என் பெயர் வேண்டாம்" என்று, சைகை மொழிபெயர்ப்பாளரான அக்கா, நீங்கள் முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். அம்மாவிடம் கேட்டு, அவள் சரி என்றதை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் காது கேட்கிற ஒரே ஆள் நான். ஏழு வயதில் ரேஷன் கடையில் தொடங்கியது. அப்புறம் பேங்க், ஈ.பி. ஆபீஸ், கல்யாண வீடு என்று எல்லா இடத்திலும் நான்தான் அவர்களுக்குக் காதும் வாயும். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஆச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒருநாள் மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஆச்சி போயிட்டாங்கம்மா, அம்மாகிட்ட பக்குவமா சொல்லிரு" என்றார். என் கை எழவில்லை. 'தூங்குகிறாள்' என்று காட்டினேன். ஆச்சி விழித்ததும் கொடுக்க வேண்டும் என்று, கஞ்சித் தூக்கில் துணியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அம்மா இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருடம் அம்மாவின் இடது மார்பில் கட்டி என்று பயாப்சி முடிவு வந்தபோது அந்தக் கஞ்சித் தூக்குதான் கண்முன் வந்தது. அன்று இரவே அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

"மகளே இருக்கும்போது வெளியாள் எதற்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எனக்கே தயக்கம்தான். அக்கா, நீங்கள்தான் சொன்னீர்கள்: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்தொடர்பு என்பதில் சைகை மொழியையும் சேர்த்தே சொல்கிறது என்று. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்ற விசாரணையில் கலந்துகொண்டதையும் சொன்னீர்கள். அம்மா அந்தக் கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள்.

அறைக்குள் வந்ததும் வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டீர்கள். கை தெளிவாகத் தெரியட்டும் என்றுதான் பூ வேலை எதுவும் இல்லாத கரும்நீலச் சுடிதார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். டாக்டருக்குப் பக்கத்தில், ஒரு அடி பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டீர்கள். அம்மாவுக்கு இரண்டு முகமும் தெரிய வேண்டும் அல்லவா. "என்னைப் பார்க்காதீங்க டாக்டர், அவங்களைப் பார்த்துப் பேசுங்க" என்றீர்கள். டாக்டர், நீங்களும் கடைசிவரை அம்மாவின் கண்ணைப் பார்த்தே பேசினீர்கள். இதுவரை எந்த டாக்டரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் அக்கா பேச்சை நிறுத்தியதை மறக்க மாட்டேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். புரியாதபோது அவள் அப்படித்தான் செய்வாள். எனக்குத் தெரியும், உங்களுக்கு எப்படித் தெரிந்தது? "நான் சொல்றது இவங்களுக்கு முழுசா போய்ச் சேரலை டாக்டர்" என்று கூச்சமில்லாமல் சொன்னீர்கள். நீங்கள் இரண்டு வருடப் பட்டயப் படிப்பில் கற்றது இன்றைய இந்திய சைகை மொழி. அம்மாவின் சைகை பாளையங்கோட்டை விடுதியில் மூத்த அக்காமாரைப் பார்த்துப் பழகிய பழைய வழக்கு. டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அம்மா காட்டுகிற சில சைகைகளுக்கு ஊரில் இன்னும் நாலைந்து பெரியவர்கள்தான் அகராதி.

அவர்களில் ஒருவர், அப்பாவோடு அச்சகத்தில் வேலை பார்த்த மாமா. மாமா, உங்களுக்கும் காது கேட்காது. அக்காவின் சைகையைப் பார்த்து, அதை அம்மாவின் சைகையில் திருப்பிச் சொன்னீர்கள். மயக்க மருந்து என்பதை 'தூக்கம்' என்று சொல்லி நான் முடித்திருப்பேன். நீங்கள் அது தூக்கமில்லை என்றீர்கள். ஊசி போடுவது, எண்ணிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மங்குவது, கத்தி படும்போது முகத்தில் வலி இல்லாதது, பிறகு ஒருவர் கன்னத்தைத் தட்டுவது என்று ஒவ்வொன்றாக நடித்தே காட்டினீர்கள். அதன் பிறகுதான் அம்மா கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"எனக்குப் பயமாக இருக்கிறது. முழுவதும் எடுத்துவிடுவீர்களா? எழுப்பும்போது எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தால் நான் யார் முகத்தைப் பார்ப்பது?"

அக்காவின் குரலில் அம்மா 'நான்' என்று பேசினாள். இத்தனை வருடம் நான் 'அம்மா கேக்கிறாங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன். கூச்சமான கேள்விகளை விழுங்கியும் இருக்கிறேன். அம்மாவுக்கு இவ்வளவு கேள்வி இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. புற்றுநோய் என்று அவளுக்குப் புரிந்த கணத்தில் கையைப் பிடிக்கப் போனேன். கையைப் பிடித்தால் அவள் எப்படிப் பேசுவாள்? தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். சொல்ல வேண்டிய வேலை என்னிடம் இல்லாததால்தான் அழ முடிந்தது.

ஆபரேஷன் அன்று பணியில் இருந்த சிஸ்டருக்குத் தனியாக ஒரு நன்றி. இடது பக்கம் ஆபரேஷன் என்பதால் வலது கையில்தான் ஊசி ஏற்ற வேண்டும். அம்மா பேசுவதும் அந்தக் கையால்தான். அக்கா எடுத்துச் சொன்னதும், புறங்கையில் போடாமல் முன்கையில் நரம்பு தேடி, மணிக்கட்டு மடங்குகிற மாதிரி பிளாஸ்டர் ஒட்டினீர்கள். கண் விழித்ததும் அம்மா முதலில் கேட்டது தண்ணீர். எதிரே மாஸ்க்கை இறக்கிவிட்டு அக்கா நின்றிருந்தீர்கள். அந்த இடம்வரை உங்களை விட ஏற்பாடு செய்தது டாக்டர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா, நீங்கள் உங்கள் கட்டணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம். மாமாவுக்கும் சேர்த்துக் கேட்டீர்கள். சைகை மொழிபெயர்ப்பைச் சேவை என்று புகழ்ந்துவிட்டு ஆட்டோ காசோடு அனுப்பிவைக்கிறவர்கள் நிறையப் பேர். படித்துச் செய்கிற, கவனம் ஒரு நிமிடம் தப்பினாலும் ஒரு உயிருக்கு ஆபத்தாகிற வேலை இது.

அம்மா தன் நன்றியைத் தானே சொல்கிறேன் என்று வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாள், பாருங்கள். அதில் கடைசியாக அவள் கேட்பது, அடுத்த கீமோ வியாழக்கிழமை காலை 9 மணிக்கு, இரண்டு பேரும் வர முடியுமா என்று.

அன்புடன்,
உங்கள் தங்கை