அனுமதியைத் தமிழில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் 2006 முதல் பிரவுசிங் சென்டர் நடத்தி வருகிறேன். ஐந்து கணினிகள், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், அவ்வளவுதான் கடை. எல்லார் கையிலும் போன் இருக்கும் காலத்தில் பிரவுசிங் சென்டருக்கு யார் வரப்போகிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். வருகிறார்கள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஹால் டிக்கெட், வருமானச் சான்று, வில்லங்கச் சான்று என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. அப்புறம், வீட்டுப் போனில் பார்க்க முடியாததைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் போன் ஒன்றுதான். அதில்தான் மாமியார் சீரியல் பார்ப்பார், மகன் கேம் விளையாடுவான், கணவர் வாட்ஸ்அப் பார்ப்பார். ஒரு பெண் தன் உடம்பைப் பற்றியோ மனதைப் பற்றியோ தனியாக ஒன்றைத் தேட வேண்டுமென்றால் அவளுக்கு அந்தப் போன் உதவாது. கடையில் இருப்பதும் ஒரு பெண்தான் என்பதால் என்னிடம் தயங்காமல் வருவார்கள்.

அப்படி வந்த ஒருவருக்கு என் கடையிலேயே நடந்ததைச் சொல்லி, உங்கள் இணையதளத்தில் குக்கீக்கு அனுமதி கேட்கும் பெட்டியைப் பற்றி ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். குக்கீ என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரு மதிய நேரத்தில் வந்து, ஓரமாக இருக்கும் ஐந்தாவது கணினியைக் கேட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் இருந்தார். மறுமணத்துக்கு வரன் பார்க்கும் தளங்களைத்தான் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. பார்த்து முடித்ததும் எல்லாப் பக்கங்களையும் மூடிவிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து அதே கணினியில் உட்கார்ந்தவர் அவர் தெருக்காரர். வில்லங்கச் சான்று எடுக்க வந்தவர். பதிவுத்துறைத் தளம் திறக்கத் தாமதமானதால், பக்கத்தில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். செய்திக்கு மேலே, கீழே, நடுவே எல்லாம் மறுமண விளம்பரம். சின்ன வயதிலேயே கணவரை இழந்த பெண்களுக்கான வரன்கள், குழந்தை இருந்தாலும் பரவாயில்லை என்கிற வரன்கள், இப்படியே வந்துகொண்டிருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, இதுக்கு முன்னால இங்க இருந்துட்டுப் போனது அந்தப் புள்ளதான?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் கடைக்குள் நுழையும்போதுதான் அந்தப் பெண் வெளியே போயிருந்தார். நான் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

ஒரு வாரத்தில் பேச்சு தெரு முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பெண் மறுபடி வந்தார், கணினிக்கு இல்லை, என்னிடம் கேட்பதற்கு. "அக்கா, நான் எல்லாத்தையும் மூடிட்டுத்தானே போனேன்? எப்படிக்கா வெளிய போச்சு?" நான் சொல்லிவிட்டேன் என்று அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால்கூட எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். அத்தனை வருடம் கணினி வைத்துப் பிழைத்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். காட்டிக்கொடுத்தது குக்கீ.

குக்கீ என்பது, நாம் ஒரு தளத்துக்குப் போகும்போது அது நம் கணினியில் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு. 1994-இல், பிரவுசர் (இணையதளங்களைத் திறந்து பார்க்க உதவும் செயலி) தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி என்பவர் உருவாக்கியது. கடைத் தளத்தில் நாம் எடுத்து வைத்த பொருளை அடுத்த பக்கத்துக்குப் போனதும் தளம் மறந்துவிடாமல் இருக்க அப்படி ஒரு குறிப்பு தேவைப்பட்டது. கோயிலில் செருப்பு விடுகிற இடத்தில் தரும் டோக்கன் மாதிரி. டோக்கனில் இருப்பது வெறும் எண். அதைக் காட்டினால் நம் செருப்பு நமக்குக் கிடைக்கும். இதில் ஒரு குற்றமும் இல்லை. மெயிலில் நுழைவதற்கும் ரயில் டிக்கெட் எடுப்பதற்கும் இன்றும் இது வேண்டும்.

விளம்பரக் குக்கீ வேறு. நாம் போன தளத்தின் உள்ளே, நமக்குத் தெரியாமல் ஒரு விளம்பர நிறுவனமும் இருக்கிறது. அதுவும் நம் பையில் தன் டோக்கன் ஒன்றைப் போட்டுவிடுகிறது. அதே நிறுவனத்தின் ஆள் செய்தித் தளத்திலும், சமையல் தளத்திலும், மருந்துத் தளத்திலும் வாசலில் நிற்கிறார். நாம் உள்ளே போகும்போதெல்லாம் டோக்கன் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். நம் பெயர் தெரியாமலே, நமக்கு என்ன கவலை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண் பக்கங்களை மூடினார், சரி. டோக்கன் கணினியிலேயே கிடந்தது. அடுத்து உட்கார்ந்தவரையும் அந்தப் பெண் என்றே நினைத்து விளம்பர நிறுவனம் விளம்பரத்தைக் காட்டியிருக்கிறது. மெயில் கணக்கில் நுழைந்தபடியே தேடியிருந்தால், இதே விளம்பரம் வீட்டுப் போன் வரைக்கும் பின்னாலேயே போயிருக்கக் கூடும்.

இது ஆபத்து என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று தேடினேன். தோன்றியிருக்கிறது. 1997-இல் குக்கீக்கு முதல் தொழில்நுட்ப விதியை எழுதியவர்களே, நாம் திறந்த தளம் அல்லாத வேறொருவர் குக்கீ வைப்பதை பிரவுசர் தானாக அனுமதிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைய பெரிய பிரவுசர்கள் அதைக் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கழித்து 2019-இல் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பிரவுசர், நம்மைப் பின்தொடரும் குக்கீகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. 2020-இல் ஆப்பிளின் சஃபாரி பிரவுசர், இப்படி வேறொருவர் வைக்கும் வெளியார் குக்கீகளை முழுவதுமாக நிறுத்தியது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் குரோம் பிரவுசரில் இரண்டு வருடத்துக்குள் நிறுத்திவிடுவோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே குரோம் வைத்திருப்பவர் தானே போய்த்தான் அதை நிறுத்த வேண்டும்.

எத்தனை பேருக்கு அது தெரியும்? என் கடைக்கு வரும் கட்டட மேஸ்திரி ஒருவர், தளத்தைத் திறந்ததும் குக்கீக்கு அனுமதி கேட்டு, பாதித் திரையை மறைத்துக்கொண்டு வரும் ஆங்கிலப் பெட்டியைக் காட்டி, "அக்கா, இதை அமுக்குனா பேங்க்ல காசு போயிருமா?" என்று கேட்டார். காசு போகாது அண்ணே என்றேன். நிம்மதியாக 'அக்செப்ட் ஆல்' (எல்லாவற்றையும் ஏற்கிறேன்) பட்டனை அமுக்கினார். அவருக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன் என்று அன்று இரவு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டன் பெரிதாக, நீல நிறத்தில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் பட்டன் இல்லவே இல்லை. 'மேனேஜ்' என்று மங்கலாக எழுதியிருந்ததைத் திறந்தால் இன்னொரு பக்கம், அதற்குள் பங்குதாரர்கள் என்று நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பட்டியல். பிளஸ் டூ படித்து, இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே பத்து நிமிடம் பிடித்தது. மேஸ்திரி கொடுத்ததை அனுமதி என்று எப்படிச் சொல்வது?

ஐரோப்பாவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டி அனுமதி ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு அமுக்கு, மறுப்பதற்குப் பல அமுக்கு என்று வைத்ததற்காக பிரான்ஸின் தரவுக் காப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் விதித்து 2022 ஜனவரியில் அறிவித்தது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் குக்கீ என்ற சொல் இல்லை. ஆனால் ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தகவலும் அதற்குள் அடங்கும். அனுமதி என்பது நிர்ப்பந்தம் இல்லாமல், விவரம் தெரிந்து, தெளிவான செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு: ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று.

ஆசிரியர் அவர்களே, இதை உங்களுக்கு எழுதக் காரணம், உங்கள் நாளிதழின் இணையதளம். செய்திகள் எல்லாம் தமிழில். குக்கீப் பெட்டி மட்டும் ஆங்கிலத்தில். விவசாயிக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் புரியும்படி பட்ஜெட்டை எழுதத் தெரிந்த உங்களுக்கு, இந்த நான்கு வரியைத் தமிழில் எழுத முடியாதா? அவகாசம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். தமிழ் நாளிதழ்களில் முதலாவதாக நீங்களே செய்யுங்கள்.

விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் நாளிதழ் வாங்குகிறோம். அதில் வரும் நகைக்கடை விளம்பரத்தை நான் பார்க்கிறேன், அது என்னைப் பார்ப்பதில்லை. விவசாயப் பக்கத்தில் விதை விளம்பரம், கல்விப் பக்கத்தில் கல்லூரி விளம்பரம் என்று எதைப் படிக்கிறார்களோ அதற்குப் பொருத்தமாகப் போட்டுத்தானே இத்தனை வருடம் நடத்தினீர்கள்? இணையத்திலும் அப்படிப் போடலாம். யார் படிக்கிறார் என்று பின்னாலேயே போகத் தேவையில்லை.

என் கடையில் இப்போது ஒருவர் எழுந்ததும் அந்தக் கணினியின் குக்கீகளை அழித்த பிறகுதான் அடுத்தவரை உட்கார வைக்கிறேன். குரோமில் கெஸ்ட் விண்டோ என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து கொடுத்தால், மூடியதும் குக்கீ எதுவும் கணினியில் தங்காது. போன் வைத்திருப்பவர்களுக்கும் செய்து கொடுக்கிறேன். குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் போய், தேர்டு பார்ட்டி குக்கீகளை, அதாவது வெளியார் குக்கீகளைத் தடுத்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் கூகுள் பகுதியில் ஆட்ஸ் என்று இருக்கும் இடத்தில், விளம்பரம் காட்டுவதற்காகப் போனுக்குத் தரப்பட்டிருக்கும் அடையாள எண்ணை, அதாவது விளம்பர ஐடியை அழித்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. காசு வாங்குவதில்லை. அந்த இரண்டு இடங்களையும் படத்தோடு உங்கள் ஞாயிறு இதழில் ஒரு முறை போட்டால், என் கடைக்கு வராதவர்களுக்கும் போய்ச் சேரும்.

பெட்டியில் என்ன எழுதலாம் என்று நானே எழுதிப் பார்த்தேன். திருத்திக்கொள்ளுங்கள்:

"இந்தத் தளத்தில் நீங்கள் படிப்பதை விளம்பர நிறுவனங்கள் குறித்துக்கொண்டு, மற்ற தளங்களிலும் உங்களுக்கு அதற்கேற்ற விளம்பரம் காட்ட விரும்புகின்றன. உங்கள் போனை வேறு யாராவது பயன்படுத்தினால் அவர்களுக்கும் அவை தெரியலாம். வேண்டாம் என்று சொன்னாலும் எல்லாச் செய்திகளையும் படிக்கலாம்."

இதற்குக் கீழே 'அனுமதிக்கிறேன்', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன்கள். இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். என் கடை எது என்று தெரிந்தால், அந்தப் பெண் யார் என்பதும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
தென்காசி மாவட்டம்